செல்வநாயகி ஒட்டிய படம்

பிலிம் ஒட்டும்போது செல்வநாயகி பேசமாட்டாள். மூச்சைக்கூட ஒரு பக்கமாகத் திரும்பித்தான் விடுவாள். சவர பிளேடால் ஓரத்தைச் சுரண்டி, மெல்லிய தூரிகையால் பசையைத் தொட்டு வைத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, மனத்துக்குள் இருபது வரை எண்ணுவாள். இருபத்தொன்றில் விரலை எடுப்பாள்.

ஜார்ஜ் டவுன் மூன்லைட் தியேட்டரின் ஆபரேட்டர் விஸ்வலிங்கம் அவளுடைய அண்ணன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் எதையும் எழுதிவைக்காமல் விடமாட்டான். தங்கை போட்ட ஒட்டுகளுக்குத் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தான். 1942 மார்ச்சிலிருந்து 1943 டிசம்பர் முடிய நானூற்றுப் பதினேழு ஒட்டுகள். படம் ஓடும்போது விட்டுப்போனவை மூன்று. அந்த மூன்றும் நல்ல பசை கிடைக்காத வாரத்தில் போட்டவை என்று பக்கத்திலேயே குறித்திருந்தான். நாளைக்கு யாரும் அவளைக் குறை சொல்லிவிடக் கூடாது பாருங்கள்.

சண்டைக்கு முன் அவள் குயின் ஸ்ட்ரீட்டில் புத்தகம் கட்டும் கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அச்சாகி வரும் தாள்களை மடித்து, பக்க வரிசைப்படி அடுக்கி, தைக்கிற வேலை. எண் போடாத தாளைக் கொடுத்தால்கூட இரண்டு வரி படித்துவிட்டு, இது இந்தப் பக்கத்துக்குப் பின்னால் வரவேண்டும் என்று சரியாகச் செருகிவிடுவாள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்ததில் அந்தக் கடை போயிற்று. தாயோடு மூவரும் ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாமில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனார்கள். தியேட்டரில் பிலிம் ஒட்டிக்கொண்டிருந்தவர் ஊரைவிட்டுப் போய்விட, மறுபடி படம் காட்டத் தொடங்கியபோது அந்த வேலைக்கு ஆள் இல்லை. “தாளுக்குப் பதிலா பிலிம். அவ்வளவுதானே அண்ணே?” என்று சொல்லிக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்தாள். தினமும் அண்ணன் சைக்கிளை மிதிப்பான், தங்கை பின்னால் உட்கார்ந்து வருவாள்.

பசை தீர்ந்தபோது அதையும் அவளே செய்தாள். ஜெலுத்தோங்கில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் வாழைப்பழ வாசனை அடிக்கும் எண்ணெய் ஒன்று கிடைத்தது. பழைய பிலிம் துண்டுகளைச் சுத்தமாகக் கழுவி அதில் கரைத்தாள். ஒட்டு வரும் இடத்தில் ஒலிபெருக்கி ‘டப்’பென்று இருமும். அது கேட்காமலிருக்க பிலிம் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டின் மேல் சீன மையால் சின்ன முக்கோணம் வரைவாள். இதையெல்லாம் யாரும் அவளிடம் கேட்கவில்லை. படம் இருமினால் அவளுக்குத் தூக்கம் வராது.

இந்தியாவிலிருந்து புதுப்படம் வருவது நின்று இரண்டு வருஷமாயிற்று. கையில் இருந்த பழைய படங்களையே திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். அவற்றில் ஒன்று ‘சந்திரிகாபுரத்து ராணி’. பதினாறு சுருள், பதினாறு டப்பா. ஊரைப் பிடித்து ஆண்ட ஜப்பானியரின் அலுவலகப் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. மாதம் ஒரு முறை அங்கிருந்து ஒருவர் வந்து டப்பாக்களை எண்ணுவார், ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்ப்பார், விஸ்வலிங்கத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்.

1943 அக்டோபர் மழையில் பிலிம் அறையின் கூரை ஒழுகியது. ஒன்பதாம் சுருளும் பத்தாம் சுருளும் உருகிய வெல்லம் போல ஒட்டிப் பிசுபிசுத்துப் போயின. அவற்றைக் காப்பாற்ற வழியில்லை, வைத்திருந்தால் தீப்பிடிக்கும். இரண்டையும் தண்ணீர் வாளியில் அமுக்கிக் கொண்டுபோய்த் தியேட்டருக்குப் பின்னால் புதைத்தார்கள். வேறோர் ஊரில் டப்பா குறைந்ததற்காக ஆபரேட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் மூன்று வாரம் கழித்துத்தான் விட்டார்களாம், விட்டபோது அவரால் நடக்க முடியவில்லையாம் என்று ஊரில் பேச்சு.

செல்வநாயகி மூன்று நாள் யோசித்தாள். பிறகு மீதியிருந்த பதினாலு சுருளையும் அவிழ்த்து, சமமாகப் பிரித்து, பதினாறாகச் சுற்றி, பதினாறு டப்பாவிலும் போட்டாள். எண்ணிக்கை சரி. தூக்கிப் பார்த்தாலும் கனம் சரி.

கதைதான் சரியாக இல்லை. ராணியைச் சிறையில் அடைப்பது, அங்கே அவள் படும் பாடு, எல்லாம் அந்த இரண்டு சுருளில் போய்விட்டன. ஓர் இடத்தில் ராணி சிரித்துக்கொண்டிருப்பாள், அடுத்த நிமிஷம் நரைத்த தலையோடு நிற்பாள். செல்வநாயகி மறுபடி தாள் அடுக்குகிற பெண் ஆனாள். படத்துக்கு விளம்பரமாகச் சண்டைக்கு முன் வந்த ஒரு சின்னத் துண்டு, கவனிப்பாரற்று ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடந்தது. அதில் அரண்மனை வாசல் மூடுகிற காட்சி இருந்தது. பின்னால் ஒரு மணி அடிக்கும். அதை வெட்டி எடுத்து நடுவில் வைத்தாள். காட்டில் தோழி பாடும் பாட்டைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொண்டுவந்தாள். டிசம்பரில் படம் ஓடியது. ஒருவரும் கூச்சல் போடவில்லை. வாசல் மூடும்போது பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அதையும் விஸ்வலிங்கம் நோட்டில் எழுதினான்.

அதோடு முடிந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஊரில் ஒரு சபை இருந்ததை மறந்துவிட்டார்கள்.

ஜார்ஜ் டவுன் பட விமர்சகர் சபையில் ஏழு பேர். ஐந்து பேர் யாழ்ப்பாணத்துக் கிளார்க்குமார், ஒருவர் பள்ளி வாத்தியார், இன்னொருவர் குயின் ஸ்ட்ரீட்டில் நாசி கண்டார் என்ற சோறு கறிக் கடை வைத்திருந்த முகம்மது சுல்தான். அரிசி கிடைக்காத அந்த நாளில் அவர் கடையில் அவித்த மரவள்ளியும் கறுப்புக் காப்பியும்தான். ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற ஏரம்பமூர்த்தி சபைக்குத் தலைவர். சபைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, டிக்கெட்டின் கிழித்த பாதியை நோட்டில் ஒட்டாதவருக்கு ஓட்டு கிடையாது. இரண்டு, ஒரு படத்தைப் பற்றி எழுத்தில் கருத்து வரும்வரை அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது, கட்டிய மனைவியிடம்கூட. அந்த விதியை ஒருவரும் மீறியதில்லை. பஸ்ஸில் அடுத்தடுத்து உட்கார்ந்தாலும் மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

வருஷா வருஷம் பொங்கல் கழிந்த ஞாயிறு பரிசை அறிவிப்பார்கள். வெள்ளி மெடலைத் தபாலில் மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். ஒரு வருஷமும் பதில் வந்ததில்லை. “மெடல் கம்பெனிக்குப் போய்ச் சேந்துச்சோ, தபால்காரர் பொண்டாட்டி கழுத்துல தொங்குதோ, யாருக்குலா தெரியும்?” என்பார் சுல்தான். எந்தப் படம் முதன்முதலாக அந்த வருஷம் ஊருக்கு வருகிறதோ அதற்குத்தான் பரிசு. புதுப்படம் வராததால் 1941-இல் சேர்த்துச் செய்துவைத்த மெடல்களில் ஒன்று, ‘சிறந்த படத்தொகுப்பு’ என்று பொறித்தது, இரண்டு வருஷமாக அவர் கல்லாப்பெட்டியில் கிடந்தது.

1944 ஜனவரி 16, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குத் தியேட்டரின் சார்பில் சுல்தான் கடைக்கு வரச்சொல்லி விஸ்வலிங்கத்துக்கு ஆள் வந்தது. போனான். ஏழு பேரும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைத் துடைத்தார். “தம்பி விஸ்வலிங்கம், எங்ககிட்ட ஒளிக்கலாம்னு பாத்தீங்க, இல்லையா?”

விஸ்வலிங்கம் வாசலிலேயே நின்றுவிட்டான். “என்னய்யா?”

“ராணி படம். நான் முப்பத்தொம்பதுல பாத்தப்போ நூத்து எழுபத்தாறு நிமிஷம். போன மாசம் நூத்து ஐம்பத்து நாலு. கரண்டு ஏறி இறங்கினா ரெண்டு நிமிஷம் மாறும். இருபத்திரண்டு மாறுமா? இன்னொண்ணு. ஒரு சுருள் முடியப்போகுதுன்னு ஆபரேட்டருக்குக் காட்ட, திரையில வலது மூலையில ஒரு புள்ளி மின்னுமே, அது பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை வரும். இப்போ ஒம்பதரை நிமிஷத்துல வருது. நாலு தடவை போய் எண்ணினேன்.” நோட்டைத் தட்டினார். நாலு டிக்கெட் பாதிகள், நாலு பக்கம் முழுக்கக் கணக்கு. “இது பழைய பிரதியே இல்ல. மெட்ராஸ்ல திரும்ப வெட்டித் தொகுத்த புதுப் பிரதி!”

“சப்மரீன்லதான் வந்திருக்கும்லா!” என்றார் சுல்தான், தொடையைத் தட்டிக்கொண்டு.

“எப்படி வந்ததுன்னு எங்களுக்கு வேண்டாம். புதுப் பிரதின்னா புதுப்படம். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பரிசு கொடுக்கப்போறோம்.” ஏரம்பமூர்த்தி எழுந்து நின்று அறிக்கையைப் படித்தார். “முதல் பிரதியில் ராணியின் சிறைவாசம் இருபது நிமிடம் நீண்டு பார்ப்பவர் பொறுமையைச் சோதித்தது. புதிய பிரதியின் தொகுப்பாளர் சிறையைக் காட்டவேயில்லை. மூடும் வாசலைக் காட்டுகிறார். ஒரு மணி ஒலிக்கிறது. அடுத்து நாம் காண்பது நரைத்த தலை. இடையில் நடந்ததை நம் நெஞ்சிடம் விட்டுவிடுகிறார். இது தேர்ந்த கை. இந்த ஊர்த் திரையில் இதுவரை நாம் காணாத கை.”

என் தங்கச்சி ஐயா, என் தங்கச்சி கை என்று விஸ்வலிங்கத்துக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதே நொடியில் அறிக்கையின் தலைப்பு கண்ணில் பட்டது. ‘மெட்ராஸிலிருந்து வந்த புதிய பிரதிக்குப் பரிசு.’

“இதை என்ன செய்யப்போறீங்க?”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஜப்பான்காரன் அலுவலகத்துல முத்திரை வாங்கி, உங்க தியேட்டர் சுவர்ல ஒட்டப்போறோம். முத்திரை இல்லாம ஒரு தாள் ஒட்ட முடியுமா இப்போ?”

ஜப்பான்காரனுக்கு மெட்ராஸ் எதிரியின் ஊர். அங்கிருந்து புதுப் பிரதி வந்தது என்று ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், யார் வழியாக வந்தது என்று அவர்கள் கேட்கும் முதல் ஆள் டப்பாக் கணக்கில் கையெழுத்துப் போடும் விஸ்வலிங்கம். வரவில்லை என்று சொன்னால் டப்பாக்களைத் திறப்பார்கள். “இதோ வந்துடறேங்கய்யா” என்றவன் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்று, மீதித் தூரம் அதைத் தள்ளிக்கொண்டே ஓடினான்.

செல்வநாயகி பிலிம் அறையில் சாயங்காலக் காட்சிக்குச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“அறிக்கையில என்ன போட்டிருக்காங்க? திரும்பச் சொல்லு.”

“கழுத்துக்குக் கத்தி வந்திருக்கு, நீ அதைக் கேக்குறே.”

“சொல்லேன் அண்ணே.”

சொன்னான். தேர்ந்த கை என்ற இடத்தில் அவள் குனிந்து தன் விரல்களைப் பார்த்தாள். நகத்தில் சீன மை.

“நான் போய் ஒட்டாதீங்கன்னு மட்டும் சொல்லிடறேன்” என்றான் அவன்.

“ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேக்காம விடுற ஆளா அவரு?”

“அப்போ நான்தான் வெட்டினேன்னு சொல்றேன். உன் பேரு வெளியில வரவேண்டாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீயா? போன வருஷம் நீ ஒட்டினதுல ராஜா தலைகீழா நடந்தாரு. ரெண்டு கேள்வியில புடிச்சிருவாங்க.”

“ஏழு பேரு செல்வம். அபிப்பிராயம் சொல்றதே தொழிலா வெச்சிருக்கிற ஏழு பேரு. ஒருத்தர் வாய் தவறினாலும் நம்ம கதை முடிஞ்சுது.”

“நாளைக்குப் பத்து மணிக்கு எப்படியும் முடியுது. இவங்ககிட்ட சொன்னா முடியாம இருக்கவும் வழி இருக்கு.” பிஸ்கட் தகரத்தை எடுத்துக்கொண்டாள். “செயினை மாட்டு.”

அவர்கள் போனபோது சபை கலையவில்லை. ஒரு பெண் உள்ளே வந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். செல்வநாயகி உட்காரவில்லை. மழையிலிருந்து ஆரம்பித்து, புதைத்தது, பதினாலைப் பதினாறாகச் சுற்றியது, பழைய புள்ளிகளை மையால் மறைத்துப் புதுப் புள்ளிகளை ஊசியால் சுரண்டியது வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

ஏரம்பமூர்த்தியின் முகம் சிவந்தது. “பிள்ளை, அந்த வாசல் காட்சி பழைய பிரதியில கிடையாது. மூணு தடவை பாத்தவன் நான். அது எங்கேயிருந்து வந்தது?”

அவள் தகரத்தைத் திறந்தாள். விளம்பரத் துண்டின் மீதி அதில் இருந்தது. “வாசல் மூடி முடியிறதுக்கு முன்னாலேயே வெட்டிட்டேன். கடைசி நாலு கட்டம் இதுல நிக்குது, பாருங்க ஐயா. பக்கத்துல ‘விரைவில் வருகிறது’ன்னு எழுத்தும் இருக்கு.”

அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சப்மரீன்ல வந்த படம்” என்றார் சுல்தான் மெதுவாக, “ஆயர் ஈத்தாம்லேருந்து சைக்கிள்ல வந்திருக்குலா.”

ஒருவர் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் சிரித்தார்கள், ஏரம்பமூர்த்தியைத் தவிர. அவர் நோட்டைத் திறந்து அந்த நாலு பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் அவர் நோட்டிலிருந்து ஒரு தாளும் கிழிந்ததில்லை என்பது ஊருக்கே தெரியும். நாலையும் கிழித்தார். அறிக்கையையும் சேர்த்து மடித்தார். நேரே போய்க் காப்பி அடுப்பில் வைத்து, கடைசி மூலை கருகும்வரை அங்கேயே நின்றார்.

“விதி ரெண்டு என்ன?” என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“எழுத்துல வர்றவரைக்கும் வாய் திறக்கக் கூடாது” என்றார் பள்ளி வாத்தியார்.

“ராணி படத்தைப் பத்தி இப்போ எழுத்துல ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“சண்டை முடியிற வரைக்கும் நாம அதைப் பத்தி எழுதப்போறதில்ல. அப்போ யாரும் பேசவும் முடியாது. கட்டின பெண்சாதிகிட்டயும்.” ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். ஒவ்வொருவரும் தலையசைத்தார்கள். சட்டத்துக்குப் பயப்படுவதைவிட அந்த ஏழு பேரும் தங்கள் விதிக்கே அதிகம் பயந்தவர்கள் என்பது விஸ்வலிங்கத்துக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுல்தான் கல்லாப்பெட்டியைத் திறந்தார். “அப்போ மெடலு? தபால் செலவு மிச்சம்லா.”

“சிறந்த படத்தொகுப்பு” என்று ஏரம்பமூர்த்தி மெடலில் இருந்ததைப் படித்தார். தம் வேட்டி முனையால் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். “வெட்டினது யார்னு தெரியாம நான் எழுதினது. தெரிஞ்சிருந்தாலும் ஒரு சொல்லைக்கூட மாத்தியிருக்கமாட்டேன், பிள்ளை.”

செல்வநாயகி வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை போலும், வேறு ஒன்றைச் சொன்னாள். “ஐயா, உங்க சபையில என்னைச் சேத்துக்குவீங்களா?”

ஏரம்பமூர்த்தி யோசித்தார். “டிக்கெட் பாதி இருக்கா?”

அவளிடம் இல்லை. இரண்டு வருஷமாகப் பின்வாசல் வழியாகப் போய் வருகிறவள். முழுப் படத்தை முன்னால் உட்கார்ந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அந்த மாதக் கடைசியில் அலுவலகத்து ஆள் வந்து டப்பாக்களைத் தூக்கிப் பார்த்து எண்ணினார். பதினாறு. விஸ்வலிங்கம் கையெழுத்துப் போட்டான். ஊரில் ராணி படத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஏரம்பமூர்த்தியை வழியில் பார்த்தால் அவர் மழையைப் பற்றி விசாரித்தார்.

பிப்ரவரியில் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். முதல் நாள் விஸ்வலிங்கம் முன்பக்கம் சுற்றிப் போய், வரிசையில் நின்று, தன் காசில் இரண்டாம் வகுப்பு டிக்கெட் ஒன்று வாங்கினான். டிக்கெட் கொடுப்பவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஆபரேட்டருக்கு எதுக்கண்ணே டிக்கெட்டு?”

“பாதியைக் கிழிச்சுக் கொடுப்பீங்கல்ல, அதுக்கு.”

அன்றைக்கு ஆபரேட்டர் அறையின் சின்ன ஜன்னல் வழியாக அவன் திரையைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம், ஆறாவது வரிசையில், வெள்ளைச் சேலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தலையைத்தான் பார்த்தான். வாசல் மூடியது. மணி அடித்தது. சுற்றிலும் மூக்கு உறிஞ்சினார்கள். அந்தத் தலை மட்டும் குனிந்து மடியில் என்னவோ எழுதியது.

படம் விட்டதும் அவள் படியேறி வந்தாள். கையில் புது நோட்டு. முதல் பக்கத்தில் டிக்கெட் பாதியை அவளுடைய பசையாலேயே ஒட்டியிருந்தாள். வாழைப்பழ வாசனை அடித்தது. அதன் கீழே சபையின் எட்டாவது உறுப்பினர் எழுதிய முதல் கருத்து, ஒரே ஒரு வரி.

‘வாசல் காட்சி இரண்டு எண்ணிக்கை கூடுதல் நீளம். மணி அடித்ததும் வெட்ட வேண்டும்.’

மறுநாள் காலை அவள் பிளேடை எடுத்தாள். விஸ்வலிங்கம் தன் நோட்டைத் திறந்து, நானூற்று முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு, அவள் மனத்துக்குள் எண்ணி முடிக்கும்வரை பேசாமல் நின்றான்.